பிக்கிள்பால் கேள்வி - பதில்: பந்து இருக்கட்டும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

பேடில் என்கிற மட்டையால் ஓட்டைகள் உள்ள பந்தை நெட்டுக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பாலைப் புதிதாக ஆட ஆரம்பித்தவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பந்தை எப்படி அடிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள், எங்கே நின்று அடிப்பது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் அனுபவத்தில் ஆரம்பக்காரர்களின் தோல்விக்குப் பெரும்பாலும் கால்தான் காரணம், கை அப்புறம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டே பதில்களைப் படியுங்கள். வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பல வருடமாக ஷட்டில் ஆடுகிறவன் நான். ஸ்மாஷ் நல்ல வேகமாக வரும். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட்டில் அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் என்னையும் என் நண்பனையும் 11-3, 11-4 என்று சாதாரணமாக ஜெயிக்கிறார்கள். அவர்கள் ஓடுவதுகூட இல்லை. எங்களுக்கு என்ன குறை?
- வாசகர், வேளச்சேரி

அவர்கள் ஓடாமல் ஜெயிப்பதற்குக் காரணம், நிற்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே நிற்பதுதான். ஷட்டில்காரர்களுக்குக் கை வேகம், கண் வேகம் இரண்டும் இந்த ஆட்டத்தில் பெரிய சாதகம். ஆனால் அதோடு சேர்ந்து சில பழக்கங்களும் வந்துவிடுகின்றன. ஷட்டில் டபுள்ஸில் அடித்து ஆடும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நிற்பீர்கள் இல்லையா, அதை இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரிசையில், கிச்சன் கோட்டுக்குச் சற்று வெளியே நிற்க வேண்டும். (நெட்டை ஒட்டி இரு பக்கமும் இருக்கும் 7 அடிப் பகுதிதான் கிச்சன். அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது.) கோர்ட்டின் அகலம் 20 அடி, ஆளுக்குப் பத்து அடி. ஒரு எட்டு வைத்துக் கையை நீட்டினால் அதை மூடிவிடலாம். ஒருவர் பின்னால் தங்கிவிட்டால் இருவருக்கும் நடுவே சாய்வாக ஒரு பெரிய இடைவெளி திறக்கும், அந்த இரண்டு பெரியவர்களும் பந்தைப் போடுவது அங்கேதான் என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்தது மணிக்கட்டு. ஷட்டிலில் கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுழற்றுவதில்தான் வேகம் பிறக்கிறது. பிக்கிள்பாலில் நெட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைச் செய்தால் பேடிலின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். மணிக்கட்டை இறுக்காமல், ஆட்டவும் ஆட்டாமல், தோளிலிருந்து சின்னதாகத் தள்ளுங்கள், போதும்.

இன்னொன்று. நெட்டின் உயரம் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. பந்து அதற்குக் கீழே இருக்கும்போது அடித்தால் அது முதலில் மேலே ஏறித்தானே ஆக வேண்டும்? வேகமாக ஏறுகிற பந்து ஒன்று வெளியே போகும், இல்லாவிட்டால் எதிராளியின் தோள் உயரத்துக்கு வசதியாகப் போய் நிற்கும். பந்து நெட்டுக்கு மேலே இருந்தால் அடியுங்கள், கீழே இருந்தால் மெதுவாகக் கிச்சனுக்குள் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் பிடிவாதமாக இருந்து பாருங்கள், 11-3 என்பது 11-8 ஆகும். கூடவே, எதிராளி பின்னாலிருந்து ஓங்கி அடித்து உங்கள் தோளுக்கு மேலே வரும் பந்தைத் தொடாமல் விடுங்கள். பெரும்பாலும் அது வெளியேதான் போய் விழும். ஷட்டில்காரர்கள் கைக்கு எட்டியதையெல்லாம் அடித்துவிடுவதால் அவுட்டாகப் போகிற பந்துகளைத் தாங்களே காப்பாற்றிக் கொடுக்கிறார்கள்.

ஷட்டில் கோர்ட்டிலேயே நெட்டை இறக்கி ஆடுகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். அளவு பொருந்தும், இரண்டுமே 20க்கு 44 அடிதான். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பழைய பேட்மின்டன் கோர்ட்டில்தான். ஆனால் ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடி, கிச்சன் கோடு 7 அடி. அந்தக் கோட்டையே கிச்சனாக வைத்துப் பழகினால் காலுக்கு அரை அடி தவறான பழக்கம் வந்துவிடும், நல்ல கோர்ட்டில் ஆடும்போது ஃபால்ட் மேல் ஃபால்ட் ஆகும். அரை அடி தள்ளி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

சர்வ் பாதி நெட்டில் விழுகிறது, பாதி வெளியே போகிறது. வேகமாகப் போட்டால்தானே எதிராளி திணறுவார்?
- வாசகர், ஈரோடு

திணற மாட்டார். டென்னிஸில் சர்வ் ஓர் ஆயுதம், தோளுக்கு மேலே ஓங்கி அடிக்கலாம். இங்கே விதியே வேறு. கையைக் கீழிருந்து மேலாகக் கொண்டுவர வேண்டும், பந்தை இடுப்புக்கு மேலே தொடக் கூடாது, பேடிலின் தலை மணிக்கட்டை விட உயரக் கூடாது. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் வேகத்தைத் தேடினால் தவறுதான் கூடும். நாம் ஆடும் வழக்கமான முறையில் சர்வ் போடுகிற அணிக்கு மட்டும்தான் பாயின்ட் ஏறும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ரிட்டர்னைத் தவறவிட்டால் ஒரு பாயின்ட் போகும். சர்வைத் தவறவிட்டால் பாயின்ட் எடுக்கும் வாய்ப்பே கையை விட்டுப் போகும், அதுவும் எதிராளி ஒரு துரும்பைக்கூட அசைக்காமல்.

அதனால் வேகத்தை விடுங்கள், ஆழத்தைப் பிடியுங்கள். எதிர்ப் பக்கத்தில் குறுக்கே இருக்கும் சர்வீஸ் கட்டம் 15 அடி நீளம், 10 அடி அகலம். அதன் பின்பாதியில் நடுவாக எங்கே விழுந்தாலும் நல்ல சர்வ்தான். நெட்டுக்கு மேலே மூன்று நான்கு அடி உயரத்தில் நிதானமாகப் போகட்டும். கிச்சன் கோட்டில் பட்டால் அது ஃபால்ட், மற்றக் கோடுகளில் பட்டால் நல்ல பந்து.

கைக்குப் பிடிபடவே இல்லை என்றால் டிராப் சர்வ் போடுங்கள். பந்தைக் கையிலிருந்து நழுவ விட வேண்டும். மேலே எறியவும் கூடாது, கீழே தள்ளவும் கூடாது. அது தரையில் பட்டு எழும்பியதும் அடிக்கலாம், இடுப்பு, மணிக்கட்டு விதிகள் எல்லாம் அதற்குக் கிடையாது. கால் விதி மட்டும் எல்லா சர்வுக்கும் உண்டு. அடிக்கும் நொடியில் பேஸ்லைனை, அதாவது கோர்ட்டின் பின்கோட்டை, கால் தொட்டிருக்கக் கூடாது.

"கிச்சன் கோட்டுக்குப் போங்க, போங்க" என்று பார்ட்னர் கத்துகிறார். போனால் பந்து காலடியில் விழுகிறது. போகாவிட்டால் திட்டு. எப்போதுதான் போவது?
- வாசகி, திருச்சி

இந்த இதழின் மிக முக்கியமான கேள்வி இதுதான். உங்கள் பார்ட்னர் சொல்வது பாதி சரி. எப்போது போவது என்பது யார் சர்வ் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சர்வ் ஒரு முறை தரையில் பட்டு எழும்ப வேண்டும், அதன் ரிட்டர்னும் ஒரு முறை பட்டு எழும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் யாரும் பந்தை அந்தரத்திலேயே அடிக்கலாம். சர்வ் போடும் அணி அந்த ரிட்டர்ன் எழும்புவதற்காகக் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதால் அவர்கள் இருவரும் பேஸ்லைனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒருவர் சர்வ் போடுகிறார், அடித்த வேகத்தில் வலது கால் கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறது, தொடர்ந்து இன்னும் இரண்டு எட்டு, பந்து நன்றாகத்தான் போகிறது, அவரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதிர்ப் பக்கத்திலிருந்து ரிட்டர்ன் ஆழமாக வந்து அவருடைய ஷூ லேஸுக்கு முன்னால் விழுகிறது. உடம்பு பின்னால் சாய, பேடில் வானத்தைப் பார்க்க, பந்து பலூன் மாதிரி மேலே எழும்பிப் போகிறது, அங்கே நெட்டில் காத்திருந்தவர் ஒரே தட்டில் முடித்துவிடுகிறார். பார்க்கிறவர்கள் "அடி சரியில்லை" என்பார்கள். அடியில் ஒன்றும் இல்லை, சர்வ் போட்ட பிறகு வைத்த அந்த மூன்று எட்டுதான் பாயின்ட்டைக் கொடுத்தது. சர்வ் போட்டதும் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஓடி வந்து பந்தை எடுப்பது எளிது, பின்னால் நகர்ந்துகொண்டே எடுப்பது யாருக்கும் கஷ்டம்.

சர்வை வாங்கும் அணிக்குக் கதையே வேறு. வாங்குபவரின் பார்ட்னர் முதலிலிருந்தே கிச்சன் கோட்டில் நிற்கலாம், நிற்க வேண்டும். ஆரம்பக்காரர்கள் இரண்டு பேருமே பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள், அதனால் ஒரு லாபமும் இல்லை. வாங்குபவர் ரிட்டர்னை அடித்த கையோடு முன்னால் கிளம்ப வேண்டும். அதற்கு நேரம் வேண்டும் அல்லவா, ரிட்டர்னை மெதுவாக, உயரமாக, ஆழமாகப் போடச் சொல்வது அதனால்தான். பந்து காற்றில் மிதக்கும் நேரமெல்லாம் நீங்கள் நடக்கக் கிடைத்த நேரம். வேகமாக அடித்தீர்கள் என்றால் அது வேகமாகத் திரும்பியும் வரும், நீங்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

காலடியில் பந்து விழுகிறது என்றீர்களே, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். நீங்கள் ஓடிக்கொண்டே அடிக்கிறீர்கள். எதிராளியின் பேடில் பந்தைத் தொடப் போகும் நொடியில், கோர்ட்டில் எங்கே இருந்தாலும் சரி, நின்றுவிடுங்கள். இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பேடிலை நெஞ்சுக்கு முன்னால் பிடித்து நில்லுங்கள். நடுவழியில் நிற்பது குற்றமில்லை, நடுவழியிலேயே குடியிருப்பதுதான் கெடுதல். அங்கே வரும் பந்தை அடித்து முடிக்கப் பார்க்காமல் மெதுவாகக் கிச்சனுக்குள் தள்ளிவிட்டு அடுத்த இரண்டு எட்டு வையுங்கள்.

யூடியூபில் எல்லோரும் தேர்டு ஷாட் டிராப் பற்றியே பேசுகிறார்கள். எவ்வளவு பழகினாலும் எனக்கு வரவில்லை. நெட்டில் அடிக்கிறேன், அல்லது தூக்கிக் கொடுத்துவிடுகிறேன்.
- கல்லூரி மாணவர், மதுரை

இது தெரியாதவர்களுக்கு: சர்வ் முதல் அடி, ரிட்டர்ன் இரண்டாவது, சர்வ் போட்ட அணி அதற்குப் பிறகு அடிப்பது மூன்றாவது. எதிராளிகள் இருவரும் நெட்டில் நிற்க, நீங்கள் பேஸ்லைனில் நிற்கிறீர்கள். அங்கிருந்து பந்தை அவர்கள் கிச்சனுக்குள் மெதுவாக இறக்கினால், அவர்கள் அதை மேலிருந்து கீழே அடிக்க முடியாது, நீங்கள் முன்னால் வந்துவிடலாம். ஆட்டத்தின் கஷ்டமான அடிகளில் இதுவும் ஒன்று, தம்பி. அதனால் வரவில்லை என்று சோர்ந்து போகாதீர்கள்.

பழகும் முறையை மாற்றுங்கள். எல்லோரும் பேஸ்லைனில் நின்று ஆரம்பிக்கிறார்கள், அதாவது மிகத் தூரமான இடத்திலிருந்து. நீங்கள் கிச்சன் கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். எதிரே நண்பர் நிற்க, மெதுவாகக் கிச்சனுக்குள் மாற்றி மாற்றிப் போடுங்கள். அது கைக்கு வந்ததும் ஓர் எட்டு பின்னால் வாருங்கள், அதே மென்மையோடு. அப்புறம் இன்னோர் எட்டு. பேஸ்லைன் போய்ச் சேர சில வாரங்கள் ஆகட்டும். போகப் போகக் கையின் வீச்சு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தின் உச்சம் எங்கே இருக்க வேண்டும் என்று பாருங்கள். நெட்டுக்கு நேர் மேலே உச்சம் இருந்தால் பந்து அந்தப் பக்கம் ஆழமாகப் போய் எதிராளியின் கையில் உட்காரும். உச்சம் உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நெட்டைத் தாண்டும்போது பந்து இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். பிடியையும் தளர்த்துங்கள். சின்னக் குழந்தையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கிறோமே, விடாத, ஆனால் நசுக்காத அந்தப் பிடிதான் வேண்டும். இறுக்கிப் பிடித்த பேடிலில் பட்ட பந்து எப்போதும் நினைத்ததை விட ஓர் அடி அதிகமாகப் பாயும்.

அதுவரை ஆட்டத்தில் என்ன செய்வது? ரிட்டர்ன் குட்டையாக, வசதியாக வந்தால் நெட்டை ஒட்டித் தாழ்வாக, இருவருக்கும் நடுவே அடியுங்கள். நடுவில் நெட் 2 அங்குலம் குறைவு, யார் எடுப்பது என்று அவர்களுக்கும் ஒரு நொடி குழப்பம் வரும். ஒரு விஷயம் மட்டும் செய்யாதீர்கள்: டிராப் உயரமாகப் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் முன்னால் ஓடுவது. அடித்துவிட்டுப் பாருங்கள். தாழ்வாகப் போனால் முன்னால் வாருங்கள், உயரமாகப் போனால் இருந்த இடத்திலேயே காலை ஊன்றித் தயாராகுங்கள்.

எங்கள் அசோசியேஷன் பெரியவர் ஒருவர் கிச்சனுக்குள் காலே வைக்கக் கூடாது என்கிறார். தினமும் தகராறு. எது சரி?
- வாசகர், தாம்பரம்

தாராளமாகக் கால் வைக்கலாம், அங்கேயே நிற்கவும் செய்யலாம். தடை ஒன்றே ஒன்றுதான்: கிச்சனுக்குள்ளோ அதன் கோட்டிலோ நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. கிச்சனுக்குள் பட்டு எழும்பிய பந்தை உள்ளே போய் எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. இந்தப் பயத்தால் எத்தனையோ பேர் குட்டையாக விழும் பந்தை எட்டி எட்டித் தூக்கிக் கொடுக்கிறார்கள். உள்ளே போங்கள், எடுங்கள், உடனே வெளியே வாருங்கள்.

பெரியவர் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் வேறு. வெளியே நின்று பந்தை அந்தரத்தில் அடித்துவிட்டு, அந்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தால் அதுவும் ஃபால்ட். பந்து ஏற்கெனவே செத்துப் பாயின்ட் முடிந்திருந்தாலும் ஃபால்ட்தான். தலையிலிருந்த தொப்பி கழன்று உள்ளே விழுந்தால்கூட. உள்ளே போய் வந்தவர் அடுத்த பந்தை அந்தரத்தில் அடிக்க வேண்டுமென்றால் இரண்டு காலையும் வெளியே ஊன்றியிருக்க வேண்டும், அதையும் பலர் கவனிப்பதில்லை. ஓர் அங்குலம் வெளியே நின்று பழகுங்கள், தகராறே வராது.

எனக்கு 58 வயது. தலைக்கு மேலே போன பந்தைப் பிடிக்கப் பின்னால் போய் விழுந்துவிட்டேன். மணிக்கட்டில் வீக்கம், நல்ல வேளை எலும்பு முறியவில்லை. மறுபடி ஆட ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.
- வாசகி, கோவை

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கட்டாயம் ஆடுங்கள் அம்மா. ஆனால் ஒரு பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். நெட்டைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போவது இந்த ஆட்டத்தின் மிக மோசமான பழக்கம். குதிகால் தரையில் மாட்டும், உடம்பு பின்னால் சாயும், விழும்போது கையை ஊன்றுவோம், மணிக்கட்டு போகும். சிலருக்குத் தலையே தரையில் மோதியிருக்கிறது.

பந்து தலைக்கு மேலே போகிறது என்று தெரிந்ததும் முதலில் உடம்பைத் திருப்புங்கள். வலது கைக்காரர் என்றால் வலது காலைப் பின்னால் வைத்து, இடது தோள் நெட்டைப் பார்க்கும்படி பக்கவாட்டில் திரும்பி, பக்கவாட்டிலேயே நகருங்கள். இன்னும் தூரமாகப் போகிறது என்றால் முழுதாகத் திரும்பி, சாதாரணமாக ஓடிப் போய், பந்து தரையில் பட்டு எழும்பிய பிறகு எடுங்கள். அதற்கும் மேலே போனால் விட்டுவிடுங்கள். ஒரு பாயின்ட்டுக்காக மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் செய்வதில்லை என்பதால் உரக்கவே சொல்கிறேன்: "விட்டுடுங்க!" என்று பார்ட்னர் கத்த வேண்டும், நீங்களும் விட வேண்டும். பல நேரங்களில் உங்கள் தலைக்கு மேலே போகும் பந்தைக் குறுக்காக ஓடி எடுப்பது பார்ட்னருக்குத்தான் எளிது. அவர் உங்கள் பின்னால் போனால் நீங்கள் அவர் இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வாக்கிங் ஷூ, ரன்னிங் ஷூ இரண்டும் நேராக முன்னால் போவதற்காகச் செய்தவை. குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும், பக்கவாட்டில் சட்டென்று நிற்கும்போது கணுக்கால் மடங்கும். உள்ளரங்கத் தரைக்கு பேட்மின்டன் ஷூ நல்லது, சிமென்ட் கோர்ட்டுக்கு டென்னிஸ் ஷூ. பேட்மின்டன் ஷூவின் ரப்பர் சிமென்ட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பேடிலுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் ஷூவுக்குச் செலவழியுங்கள், எல்லா வயதினருக்கும் இதைத்தான் சொல்வேன்.

மொட்டை மாடியில் கோர்ட் போட்டிருப்பவர்கள் விடியற்காலைப் பனி ஈரத்தையும் மழைக்காலப் பாசியையும் துடைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். பக்கத்துக் கோர்ட்டுப் பந்து உருண்டு வந்தால் "பால்!" என்று கத்தி ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள், அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடிக்கொள்ளலாம். நெட்டில் நெருங்கி நின்று ஆடும்போது பந்து முகத்துக்கு வரும் வாய்ப்பு அதிகம், ஆகவே கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி போடுவதும் நல்லது. ஆடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் கெண்டைக்கால், தோள், மணிக்கட்டை அசைத்துச் சூடேற்றுங்கள்.

விலை கூடிய கார்பன் பேடில் வாங்கினால் ஆட்டம் முன்னேறுமா?
- வாசகர், நாகர்கோவில்

இப்போதைக்கு வேண்டாம். எடை 215 முதல் 235 கிராமுக்குள் இருக்கட்டும். அதை விடக் கனமானது புதியவர்களின் முழங்கைக்கு ஆகாது. உள்ளே தேன்கூடு அமைப்பில் இருக்கும் பகுதியின் தடிமன் 16 மில்லிமீட்டராக இருந்தால் பந்து அவ்வளவாகத் துள்ளாது, மெல்லியது வேகம் கொடுக்கும், கட்டுப்பாட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் உங்களுக்குத் தேவை கட்டுப்பாடு. கைப்பிடி உள்ளங்கைக்குப் பெரிதாக இருந்தால் இறுக்கிப் பிடிப்பீர்கள், அதிலிருந்து முழங்கை வலி வரும்.

நம் ஊர் வியர்வைக்கு ஓவர்கிரிப் கட்டாயம். வழுக்கும் கைப்பிடியைத்தான் நாம் தெரியாமலே நெரித்துப் பிடிக்கிறோம். பந்தையும் பாருங்கள். வெளியில் ஆடுவது பொதுவாக 40 ஓட்டைப் பந்து, உள்ளரங்கில் 26 ஓட்டை. உள்ளரங்கப் பந்தை மொட்டை மாடிக் காற்றில் போட்டு ஆடிவிட்டு "என் டிங்க் (கிச்சன் கோட்டில் நின்று எதிர்க் கிச்சனுக்குள் மெதுவாகப் போடும் அடி) சரியில்லை" என்று வருந்துகிறவர்கள் உண்டு.

நானும் என் வீட்டுக்காரரும் ஜோடியாக ஆடுகிறோம். எனக்கு வரும் பந்தையும் அவரே ஓடி வந்து எடுக்கிறார். தவறினால் "நீ ஏன் எடுக்கல" என்கிறார்.
- வாசகி, சேலம்

இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். சார், நீங்கள் உங்கள் மனைவியின் பக்கத்துக்கு ஓடும்போது உங்கள் பத்து அடி காலியாகிறது, விவரம் தெரிந்த எதிராளி அங்கேதான் அடுத்த பந்தைப் போடுவார். இன்னொன்றும் நடக்கிறது. நாலு பந்து பறிபோன பிறகு அவர் கால் நின்றுவிடும், ஐந்தாவது பந்து உண்மையிலேயே அவருடையதாக இருக்கும்போதும் அவர் நகர மாட்டார். நகராதது அவர் குறையே இல்லை, நீங்கள் பழக்கியது.

நடுவில் வரும் பந்து யாருடையது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள். இருவரும் வலது கைக்காரர்கள் என்றால் நெட்டைப் பார்த்து இடது பக்கம் நிற்பவருக்கு நடுவில் ஃபோர்ஹேண்ட் கிடைக்கும், ஆகவே பொதுவாக அவர் எடுக்கலாம். மற்றபடி பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் "நான்" என்றோ "நீ" என்றோ சத்தமாகச் சொல்லுங்கள். அப்படியே பாயின்ட்டுக்கு நடுவில் பாடம் நடத்துவதையும் நிறுத்துங்கள். குறை இருந்தால் வீட்டுக்குப் போய் டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம். அம்மா, உங்களுக்கும் ஒன்று: உங்கள் பக்கம் வரும் பந்துக்கு முதல் எட்டை நீங்கள் வையுங்கள், வாயைத் திறந்து "நான்" என்று சொல்லுங்கள்.

நாங்கள் நான்கு பேர், கோச் கிடையாது. தினமும் மேட்ச் ஆடுகிறோம், ஆறு மாதமாக அதே இடத்தில் இருக்கிறோம்.
- வாசகர், திருநெல்வேலி

மேட்ச் மட்டுமே ஆடுவதுதான் காரணம். மேட்ச்சில் ஒருவருக்குக் கிச்சன் கோட்டில் டிங்க் போடும் வாய்ப்பு எத்தனை முறை வரும்? முதல் 15 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்: நால்வரும் கிச்சன் கோட்டில் நின்று குறுக்காக டிங்க் மட்டும். நேராகப் போட்டால் கோட்டுக்குக் கோடு 14 அடி, மூலைக்கு மூலை 24 அடிக்கு மேல் இடம் கிடைக்கிறது, நெட்டின் தாழ்வான நடுப்பகுதியும் வழியில் வருகிறது. அதனால் குறுக்கே போடுவது பத்திரமானது. அப்புறம் இருவர் மட்டும் பாதிக் கோர்ட்டில் நேருக்கு நேர் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள், ஒளிய இடமே இருக்காது, கால் தானாக வேலை செய்யும். வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் போனில் படம் எடுங்கள். அதைப் போட்டுப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு அடிக்கும் உங்கள் கால் எங்கே இருந்தது என்று மட்டும் பாருங்கள்.

சர்வ் போடுவதற்கு முன் மூன்று எண் சொல்கிறார்களே, அது என்ன? ஆரம்பத்திலேயே ஏன் 0-0-2?
- வாசகி, தஞ்சாவூர்

முதல் எண் சர்வ் போடும் அணியின் பாயின்ட், இரண்டாவது எதிரணியுடையது, மூன்றாவது அந்த அணியில் சர்வ் போடுபவர் முதல் ஆளா, இரண்டாவது ஆளா என்பது. ஒவ்வொரு அணியிலும் இருவருக்கும் சர்வ் உண்டு. ஆனால் முதலில் சர்வ் போடும் அணிக்கு அந்தச் சாதகம் கூடிவிடக் கூடாது என்பதால், ஆட்டத்தின் முதல் முறை மட்டும் அவர்களில் ஒருவருக்குத்தான் வாய்ப்பு, அவரையே இரண்டாவது ஆளாகக் கணக்கு வைக்கிறார்கள். 11 பாயின்ட் எடுத்தால் வெற்றி, இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். எந்தப் பக்கம் நிற்பது என்று குழம்பினால், ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்கள் அணியில் வலது பக்கம் நின்றவர் யார் என்று நினைவில் வையுங்கள். உங்கள் பாயின்ட் இரட்டைப்படையாக இருக்கும்போது அவர் வலது பக்கம் இருக்க வேண்டும், ஒற்றைப்படையானால் இடது பக்கம். எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் பந்தை அடிக்க வேண்டும், சொல்லிக்கொண்டே அடிக்கக் கூடாது.